அண்ணனுக்கு மூளை அலை ஹெட்பேண்ட் வாங்கலாமா? விசிறி, விளக்கு, ராத்திரி மணி

அல்சூர்த்தம்பி | ஜனவரி 18, இரவு 11.52

வணக்கம். இரண்டு வருடமாக இந்த மன்றத்தில் இன்வெர்ட்டர், ஸ்மார்ட் பிளக் இழைகளை எல்லாம் படித்துவிட்டுப் பேசாமல் போகிறவன் நான். இன்று முதல்முறையாகக் கேட்கிறேன். நீளமாகிவிட்டால் மன்னிக்கவும்.

என் அண்ணனுக்கு 47 வயது. பெங்களூர் பீன்யாவில் லேத் மெஷினில் இருபது வருடம் நின்றவர். மோட்டார் நியூரான் நோய் என்று டாக்டர் சொல்லி இது மூன்றாம் வருடம். கையும் காலும் போய்விட்டன. பேச்சு குழறிக் குழறி, இப்போது அண்ணிக்கு மட்டும் பாதி புரிகிறது. காது, அறிவு, கோபம் மூன்றும் அப்படியே இருக்கின்றன. கிரிக்கெட் ஸ்கோரை யாராவது தப்பாகச் சொன்னால் கண்ணாலேயே முறைப்பார்.

பகல் எப்படியோ ஓடிவிடும். ராத்திரிதான் பாடு. அவரால் கூப்பிட முடியாது. அதனால் அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டு, மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறார். விசிறி வேகமாகச் சுற்றினால் அண்ணனுக்குக் குளிர்கிறது, நிறுத்தினால் கொசு. ஏரிக்குப் பக்கத்து வீடு, சொல்லவே வேண்டாம்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறான். நெற்றியில் கட்டும் ஒரு ஹெட்பேண்ட் வைத்திருக்கிறான். "மாமா நினைத்தாலே விசிறி ஓடும்" என்கிறான். ஹெட்பேண்ட், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), வேலை எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய். வெளிநாட்டில் ஒரு நோயாளி மூளையாலேயே வீட்டு விளக்கைப் போடும் வீடியோவையும் காட்டினான். அம்மா வளையலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். வாங்கலாமா?

நாளைய_உலகம் | ஜனவரி 19, காலை 7.10

தயங்காதீர்கள் நண்பரே. இது கதை இல்லை, நடந்துகொண்டிருக்கிற விஷயம். 2004-லேயே மேத்யூ நேகல் என்ற அமெரிக்க இளைஞரின் மூளையில் 96 ஊசிமுனை மின்வாய்கள் (எலக்ட்ரோடுகள்) கொண்ட சில்லை வைத்தார்கள். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவர், நினைப்பாலேயே டி.வி.யை இயக்கினார். 2006-ல் நேச்சர் இதழில் வந்தது. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனத்தின் சில்லை முதன்முதலில் பெற்ற நோலண்ட் ஆர்பா கம்ப்யூட்டரில் செஸ் ஆடினார். நீங்கள் பார்த்த வீடியோ சின்க்ரான் நிறுவனத்தினுடையதாக இருக்கும். அதே மோட்டார் நியூரான் நோய் வந்த 64 வயதுக்காரர், அமேசான் அலெக்ஸா வழியாக விளக்கு போட்டார், பாட்டு வைத்தார். இருபது வருடத்தில் எங்கே வந்துவிட்டோம் பாருங்கள்.

அலைநீளம் | ஜனவரி 19, மதியம் 2.35

தம்பி, வளையலை முதலில் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

நான் இங்கே பெங்களூரில் இ.இ.ஜி. (மூளை அலைச் சோதனை) டெக்னீஷியன், பதினாலு வருடமாகத் தலையில் ஒயர் ஒட்டுவதுதான் வேலை. மேலே நண்பர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அவர் சொன்ன மூன்றுமே உடம்புக்குள்ளே வைக்கும் கருவிகள். நேகலுக்கும் ஆர்பாவுக்கும் மண்டையோட்டைத் திறந்து வைத்தார்கள். சின்க்ரான்காரர்கள் மண்டையைத் திறப்பதில்லை. கழுத்து நாளம் வழியாக ஒரு வலைக்குழாயை அனுப்பி, மூளையின் இயக்கப் பகுதியை ஒட்டி ஓடும் பெரிய சிரைக்குள் நிறுத்துகிறார்கள், அதில் 16 மின்வாய்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பதற்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. எல்லாமே ஆராய்ச்சியாக, ஆஸ்பத்திரி மேற்பார்வையில் நடக்கிறவை. அந்தப் பையன் நெற்றியில் கட்டுவது வேறு ஜாதி.

எப்படி வேறு என்று சொல்கிறேன். கல்யாண மண்டபத்துக்கு வெளியே ரோட்டில் நிற்கிறீர்கள். கெட்டிமேளம் கொட்டினால் தாலி கட்டியாச்சு என்று தெரியும். பந்தி நடக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமா எந்தப் பாயசத்தைக் குறை சொன்னார் என்று தெரியாது. தோலுக்கு மேலே ஒட்டும் இ.இ.ஜி. இவ்வளவுதான். நடுவில் எலும்பு, தோல், முடி. நமக்குக் கிடைப்பது பத்திலிருந்து நூறு மைக்ரோவோல்ட், ஒரு பென்சில் பேட்டரியின் 1.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனிதத் தலையிலிருந்து முதலில் இதைப் பதிவு செய்தார். நூறு வருடமாகியும் நம் சண்டை அதே எலும்போடும் முடியோடும்தான்.

முடி என்றதும் ஒன்று. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு டெஸ்டுக்கு வருவார்கள் பாருங்கள், அன்றைக்கு என் பொழுது போச்சு. ஷாம்பூ போட்டுக் கழுவி, தோலைத் தேய்த்து, பேஸ்ட் வைத்து ஒவ்வொன்றாக ஒட்டினால்தான் சிக்னல் வரும். அரை மணி நேரம் ஆகும், கழற்றிய பிறகு மறுபடி தலை கழுவ வேண்டும். இதை உங்கள் வீட்டில் தினமும் யார் செய்வது? அண்ணிதானே? விசிறி போட ஒரு நொடி எழுந்திருக்க வேண்டாமே என்று அரை மணி நேர வேலையை அவர் தலையில் கட்டுகிறோம்.

ஈயப்பற்று | ஜனவரி 19, இரவு 9.48

அக்கா சொன்னதற்குக் கீழே நானும் ஒரு கையெழுத்து.

நான் பொழுதுபோக்காக இதையெல்லாம் சால்டர் வைத்துப் பார்க்கிறவன். ஒற்றை மின்வாய் ஹெட்பேண்ட் ஒன்று என்னிடமும் இருந்தது. கவனம் எத்தனை, அமைதி எத்தனை என்று நூற்றுக்கு மார்க் போடும். ஒருநாள் ஆயுத பூஜைக்கு வாங்கிய பூசணிக்காயில் ஈரத்துணி சுற்றிக் கட்டினேன். பூசணிக்காய்க்குக் கவனம் 60 வந்தது. என் பையனுக்குப் பரீட்சை சமயத்தில்கூட அவ்வளவு வரவில்லை.

இதை எல்லா இ.இ.ஜி.க்கும் சேர்த்துச் சொல்லவில்லை. ஒழுங்கான முறைகள் இருக்கின்றன. திரையில் நான்கு கட்டங்களை நான்கு வேகத்தில் மினுக்க வைத்தால், நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அந்த வேகம் பின்மண்டை அலையில் தெரியும். இதை நானே எட்டு மின்வாய் போர்டில் செய்து பார்த்திருக்கிறேன், வேலை செய்யும். சில மினுக்கு வேகங்கள் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து, அது வேறு விஷயம். ஆனால் கட்டத்தை உற்றுப் பார்க்கக் கண் நகர வேண்டும். கண் நகருகிறது என்றால் கண்ணையே படம் பிடிக்கலாமே, மூளையைச் சுற்றிக்கொண்டு ஏன் போக வேண்டும்?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. எல்லாரும் "நினைத்தால் ஓடுமா" என்றுதான் கேட்கிறார்கள். "நினைக்காதபோது ஓடாமல் இருக்குமா" என்று யாரும் கேட்பதில்லை. கணக்குப் போடுங்கள். கருவி நொடிக்கு ஒருமுறை ஆம், இல்லை என்று முடிவெடுக்கிறது. நூற்றுக்கு 99 சரி. கேட்க நன்றாக இருக்கிறது. மணிக்கு 3,600 நொடி, அதில் 36 தப்பு. எட்டு மணி நேர ராத்திரியில் 288 தடவை விசிறி ஓடும், நிற்கும். பரிசோதனைக் கூடத்தில் "இப்போது நினை" என்று சொல்லிவிட்டு அளப்பார்கள். வீட்டில் யாரும் "இப்போது நினை" என்று சொல்வதில்லை. மனிதன் சும்மா படுத்திருப்பான், கனவு காண்பான், தும்முவான்.

பையனைச் சும்மா காட்டச் சொல்லுங்கள், பணம் கொடுக்காமல்.

அல்சூர்த்தம்பி | ஜனவரி 26, மாலை 6.20

இன்று லீவு, பையன் வந்து காட்டினான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பத்து நிமிடம் வீடே திருவிழா. "மாமா, விசிறி என்று நினையுங்கள்" என்றான். மூன்றாவது தடவை ஓடியது. அம்மா அழுதுவிட்டார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி கேசரிபாத் கொண்டுவந்து வைத்தார். அப்புறம் அண்ணி வழக்கம்போல குழைத்த இட்லி ஊட்ட ஆரம்பித்தார். ஹெட்பேண்டைக் கழற்றவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் விசிறி ஓடியது, நின்றது, ஓடியது. பையன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே "மாமா சாப்பாட்டில் ரொம்ப ஃபோகஸ்" என்றான்.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தால் இப்போதெல்லாம் நிற்காது, நோயின் ஒரு கூறு அது. சிரித்தார் சிரித்தார், அதற்கும் விசிறி ஓடியது.

அலைநீளம் அக்கா, அது மூளையா, தாடையா?

அலைநீளம் | ஜனவரி 26, இரவு 8.05

தாடையேதான். மெல்லும் தசை நெற்றியின் பக்கவாட்டுப் பொட்டு வரைக்கும் விரிந்திருக்கிறது, ஹெட்பேண்ட் உட்காருவது அதற்கு மேலே. தசை சுருங்கினால் வரும் மின்சாரம் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது, மில்லிவோல்ட் கணக்குக்கே போகும். கண் சிமிட்டினாலே என் பேப்பரில் மலை மாதிரி எழும்பும். பையன் ஏமாற்றுகிறான் என்று நினைக்க வேண்டாம், அவனே நம்பியிருப்பான். இந்தத் துறையில் பெரிய ஆட்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். இட்லிக்கு முன்னால், மூன்றாவது தடவை ஓடியதே, அப்போது அவர் முகத்தில் எது அசைந்தது? வீடியோ எடுத்தீர்களா?

அல்சூர்த்தம்பி | ஜனவரி 26, இரவு 10.31

எடுத்தோம். மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். இடது புருவம் தூக்குகிறார். கஷ்டப்பட்டு யோசிக்கும்போது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் செய்வார். லேத்தில் மைக்ரோமீட்டர் பார்க்கும்போதும் அந்தப் புருவம்தான்.

ஈயப்பற்று | ஜனவரி 26, இரவு 10.40

கிடைச்சுடுச்சு ஸ்விட்ச்.

வாய்க்கோல் | ஜனவரி 27, காலை 11.15

இந்த இழையில் ஒரு வாரமாக அண்ணி வந்தார், அம்மா வந்தார், பையன் வந்தான், பூசணிக்காய்கூட வந்தது. அண்ணன் என்ன கேட்டார் என்று யாராவது கேட்டீர்களா?

கோபத்தில் சொல்லவில்லை. நான் விவேக் நகரில் இருக்கிறேன். பைக் விபத்தில் கழுத்து முறிந்து ஒன்பது வருடம். வாயில் ஒரு கோலைக் கடித்துக்கொண்டுதான் இதை அடிக்கிறேன், இரண்டு பத்திக்கு இருபது நிமிடம். எனக்காக என் தம்பி ஆசை ஆசையாக எட்டு விளக்கை ஸ்மார்ட்டாக்கிக் கொடுத்தான், கலர் மாறும். நான் அறையில் ஒற்றை விளக்குக்கு மேல் போடுவதில்லை. நான் கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்பேன் தெரியுமா? கதவு. யார் மணி அடித்தாலும் நானே திறக்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு வாய் இருந்தது. உங்கள் அண்ணனுக்கு அதுவும் இல்லை. கேட்டுவிட்டு வாருங்கள்.

மயூர்விஹார்_மாமி | ஜனவரி 27, இரவு 9.02

நான் டெல்லி. என் கணவருக்கும் இதே நோய், போய் நாலு வருஷம் ஆகிறது. அதனால் இதெல்லாம் கையால் தொட்டு அனுபவித்தவள் எழுதுகிறேன்.

நாங்கள் கண்ணைப் பின்தொடரும் கருவிதான் வாங்கினோம். நல்லதுதான், அவர் அதில் பேத்திக்குக் கடிதமே எழுதினார். ஆனால் அது ஒரு மாமியார் மாதிரி. தலையணை ஒரு அங்குலம் சரிந்தால் மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும். ஜன்னல் வழியே வெயில் நேராக விழுந்தால் கண்ணைத் தொலைத்துவிடும், அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தானே அது பார்க்கிறது. கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் தகராறு. ராத்திரி இருட்டில் கண் மூடித் தூங்குகிறவருக்கு அது சுத்தமாக உதவாது.

எங்களைக் காப்பாற்றியது பத்து ரூபாய் பிளாஸ்டிக் தாள். ஒளிபுகும் தாளில் எழுத்துகளைக் கூட்டம் கூட்டமாக எழுதி, அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே பிடிப்பேன். அவர் எந்த மூலையைப் பார்க்கிறார் என்று எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரியும். பேட்டரி வேண்டாம், வெயில் வந்தால் வரட்டும். அதிலேயே இருபது வார்த்தைச் சண்டை எல்லாம் போட்டிருக்கிறோம்.

தம்பி, முதலில் அந்தத் தாளைப் பண்ணி உன் அண்ணாவைப் பேச விடு. மிச்சத்தை அவரே சொல்லுவார்.

அல்சூர்த்தம்பி | பிப்ரவரி 2, இரவு 10.15

மாமி, வாய்க்கோல் சார், இரண்டு பேருக்கும் நன்றி. தாள் செய்தேன்.

முதலில் ஒரு குழப்பம். எந்த எழுத்தில் செய்வது? அண்ணன் படித்தது அரசுப் பள்ளியில், கன்னட மீடியம். தமிழ் வீட்டில் பேசத்தான். தமிழ் எழுத்தைப் போஸ்டர் பார்த்தும் பஸ்ஸில் வரும் தினசரியைப் பார்த்தும் தானாகக் கற்றுக்கொண்டவர், கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். கன்னடத் தாள் செய்தால் அண்ணிக்குப் படிக்க வராது, அவர் திருப்பத்தூர்க்காரர்.

நாளைய_உலகம் | பிப்ரவரி 2, இரவு 10.50

தமிழில்தான் செய்ய வேண்டும். கணக்கும் பொருந்துகிறது பாருங்கள். 1988-ல் ஃபார்வெல், டோன்சின் என்ற இருவர் மூளை அலையால் எழுதும் முறையைக் கொண்டுவந்தபோது வைத்தது ஆறுக்கு ஆறு, 36 கட்டம். வரிசைகள் மாறி மாறி ஒளிரும். நீங்கள் காத்திருக்கும் எழுத்து ஒளிர்ந்ததும், சுமார் 300 மில்லி நொடி கழித்து அலையில் ஒரு மேடு எழும். மெஜஸ்டிக்கில் வரிசையாகப் பஸ் போய்க்கொண்டே இருக்க, நம் நம்பர் வந்ததும் உள்ளுக்குள் ஒரு துள்ளல் வருமே, அது. தமிழுக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31. இடைவெளி, அழிக்க, மணி என்று மிச்சம் ஐந்து கட்டம். நமக்கென்றே அளவெடுத்த மாதிரி! கன்னடத்துக்கு 49 எழுத்து, அதில் அடங்காது.

வாய்க்கோல் | பிப்ரவரி 2, இரவு 11.30

அவர் வாட்ஸ்அப்பில் எதில் அடித்துக்கொண்டிருந்தார்?

அல்சூர்த்தம்பி | பிப்ரவரி 3, காலை 6.40

அதேதான் சார். மூன்று தாளும் காட்டினேன். அவர் பார்த்தது ஆங்கில எழுத்துத் தாளை. இத்தனை வருடமும் வாட்ஸ்அப்பில் "saapta" என்பதை அந்த எழுத்தில்தானே அடித்தார். (இங்கே எப்படித் தமிழில் எழுதிக் காட்டுவது என்று தெரியாமல் அப்படியே போட்டுவிட்டேன், மட்டுறுத்துநர் மன்னிக்க.)

முதல் வார்த்தை வர ஆறு நிமிடம் ஆனது. நான் விசிறி என்று வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "மணி" என்று வந்தது. நேரம் கேட்கிறார் என்று கடிகாரத்தைக் காட்டினேன், முறைத்தார். அடுத்த வார்த்தை அண்ணியின் பெயர். அதற்கடுத்தது "தூங்கட்டும்".

அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் இன்னும் இரண்டு கேட்டார். விசிறி இரண்டாம் நம்பரில் ஓட வேண்டும், ஓடுவதும் நிற்பதும் மட்டும் போதாது. டி.வி. சேனலை அவரே மாற்ற வேண்டும், என் பையன் கார்ட்டூன் வைத்துவிட்டு ஓடிவிடுகிறானாம்.

ஈயப்பற்று | பிப்ரவரி 3, இரவு 9.20

வேலை எளிதாகிவிட்டது. நானே வருகிறேன், அல்சூர் எனக்குப் பத்து நிமிடம். பெரிதாகச் செலவில்லை, சொல்கிறேன்.

பயோஆம்ப் இ.எக்ஸ்.ஜி. பில் என்று ஒரு அங்குல நீளத்தில் ஒரு போர்டு, நம் நாட்டிலேயே செய்வது. மூளை, தசை, இதயம், கண் எந்த மின்சாரத்தையும் பெருக்கிக் கொடுக்கும். நாம் புருவத் தசைக்கு வைக்கிறோம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் இ.சி.ஜி. ஸ்டிக்கர் மூன்று போதும். இரண்டு இடது புருவத்துக்கு மேலே, ஒன்று காதுக்குப் பின்னால் எலும்பில். எண்ணெய் வைத்த தலையைத் தொடவே வேண்டாம். ஈ.எஸ்.பி.32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் கிடைக்கும். எல்லாம் பவர் பேங்கில் ஓட வேண்டும். ஒட்டிய ஸ்டிக்கருக்கும் சுவர் பிளக்குக்கும் நடுவே நேர்த் தொடர்பே இருக்கக் கூடாது, லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுக்கொண்டு சோதிக்கவும் கூடாது. இதில் விளையாட்டு இல்லை.

மணி தனியாக இருக்கட்டும். வை-பை, ரூட்டர், போன் ஆப் எதையும் நம்பக் கூடாது. கரன்ட் போனால் முதலில் சாவது ரூட்டர், அண்ணனுக்கு அப்போதுதான் விசிறி நின்று வேர்க்கும். பேட்டரியில் ஓடும் சாதாரண கம்பியில்லா அழைப்பு மணி ஒன்றை வாங்கி, அதன் பொத்தானின் இரண்டு முனைக்கும் ஒரு சின்ன ரிலே. அவ்வளவுதான்.

விசிறிக்கு ரிலே வைத்தால் ஓடும், நிற்கும். இரண்டாம் நம்பர் வேண்டும் என்றால் ரிமோட் உள்ள பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறிக்கு மாறுங்கள். அந்த ரிமோட்டும் டி.வி. ரிமோட்டும் பெரும்பாலும் அகச்சிவப்பில்தான் பேசுகின்றன, ஒரே குட்டிக் கருவி இரண்டுக்கும் ரிமோட்டாக நடிக்கும். மெனுவைக் குரலில் வைக்கலாம். "விசிறி… டி.வி.… திரும்பிப் படுக்க…" என்று சொல்லிக்கொண்டே போகும், வேண்டிய இடத்தில் புருவம் தூக்கினால் போதும். கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம்.

ஒரு புருவத் தூக்கலுக்கு எதுவும் நடக்கக் கூடாது. இரண்டு நொடிக்குள் மூன்று தூக்கல் என்றால்தான் மணி. தும்மலில் மூன்று புருவம் வராது.

நாளைய_உலகம் | பிப்ரவரி 4, காலை 8.00

சந்தோஷம்தான். ஆனால் மூளையில் ஆரம்பித்துப் புருவத்தில் முடித்துவிட்டோமே என்று கொஞ்சம் சப்பென்றிருக்கிறது.

ஈயப்பற்று | பிப்ரவரி 4, காலை 8.12

ஸ்டீபன் ஹாக்கிங் கடைசி வருடங்களில் கன்னத் தசையை வைத்துத்தான் பேசினார். அவருக்குச் சப்பென்று இருக்கவில்லை.

அலைநீளம் | பிப்ரவரி 4, மதியம் 3.50

இரண்டு பேரும் சண்டை வேண்டாம். தம்பிக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கசப்பாக இருந்தாலும். இந்த நோய் புருவத்தோடு நிற்காது. அந்தத் தசையும் ஒருநாள் தளரலாம். பெரும்பாலும் கண்ணசைவுதான் கடைசிவரை தங்கும். அதனால் இப்போதே, புருவம் நன்றாக இருக்கும்போதே, மாமியின் தாளையும் கண் கருவியையும் பழக்கிவிடுங்கள்.

கண்ணும் போனவர்களுக்குத்தான் மூளையை நேரடியாகக் கேட்பது உண்மையான தேவை. 2022-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஜெர்மனியில் முப்பத்து நான்கு வயதுக்காரர், இதே நோய், கண்ணும் அசையாது. மூளையில் சில்லு வைத்து, ஒரு ஒலியின் சுருதியை ஏற்றினால் ஆம், இறக்கினால் இல்லை என்று பழக்கினார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எழுத்து. அந்த வேகத்திலும் அவர் கேட்டது தலையை எப்படி உயர்த்தி வைக்க வேண்டும் என்பதும் கூலாஷ் என்ற இறைச்சி சூப்பும். மகனிடம் பேசினார். நாளைய_உலகம் சொல்கிற உலகம் அவர்களுக்கு வேண்டும், அதை நான் குறைத்துப் பேசவில்லை. விசிறிக்காக உங்கள் வீட்டுக்கு இன்றைக்கு வேண்டாம் என்கிறேன்.

உள்ளே வைத்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. ஆர்பாவுக்கு வைத்த நூலிழை மின்வாய்களில் பெரும்பகுதி சில வாரங்களிலேயே மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றித்தான் சரிக்கட்டினார்கள்.

அல்சூர்த்தம்பி | பிப்ரவரி 11, இரவு 11.05

ஞாயிற்றுக்கிழமை ஈயப்பற்று சார் வந்தார். எஸ்.பி. ரோட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார், அங்கே பேசுகிற இந்தி, கன்னடம், தமிழ், மார்வாடி எல்லாவற்றிலும் பேரம் பேசுகிறார். தெருப் பையனையும் கூப்பிட்டோம். முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், அப்புறம் புரோகிராம் முழுக்க அவன்தான் எழுதினான். விசிறியைத் தவிர்த்துச் செலவு ஐயாயிரத்துக்குள் முடிந்தது.

முதல் ராத்திரி பதினொரு தடவை மணி அடித்தது. பதினொன்றும் பொய். காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது: இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணை ஸ்டிக்கரை அழுத்துகிறது. ஒயரைத் தலைக்கு மேலே கொண்டுபோய் சட்டைக் காலர் பக்கம் டேப் போட்டு இறக்கினோம். எவ்வளவு தூக்கினால் கணக்கு என்ற அளவையும் கொஞ்சம் ஏற்றினோம். மூன்றாம் ராத்திரி இரண்டு தடவை. ஒன்று பொய், ஒன்று நிஜம். கால் மடங்கியிருந்தது.

அண்ணி இன்னும் அலாரம் வைக்கிறார். கேட்டால் "மிஷின் தூங்கிடுச்சுன்னா?" என்கிறார். அதனால் மணிப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு வைத்தோம், ஸ்டிக்கர் ஒழுங்காக ஒட்டியிருந்தால் எரியும், கழன்றால் அணைந்து மணி அடிக்கும்.

மயூர்விஹார்_மாமி | பிப்ரவரி 12, காலை 9.30

அவள் அலாரத்தை நிறுத்த ஒரு மாதம் ஆகும். நான் ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். அவசரப்படுத்தாதே.

அல்சூர்த்தம்பி | மார்ச் 16, இரவு 10.40

மாமி சொன்னது சரி. போன வியாழன் அலாரத்தை அண்ணியே இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகக் குறைத்தார். நேற்று வைக்கவே இல்லை, மறந்துவிட்டேன் என்கிறார்.

நேற்று நடுராத்திரி மூன்று மணி சுமாருக்கு மணி அடித்திருக்கிறது. அண்ணி எழுந்து விளக்கைப் போட்டு, காலா, தண்ணியா, கொசுவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். எதற்கும் கண் சிமிட்டவில்லை. பிறகு தாளை எடுத்துப் பிடித்தால் "சும்மா" என்றாராம். காலையில் அண்ணி இதை என்னிடம் கோபமாகச் சொல்ல ஆரம்பித்தவர், பாதியிலேயே சிரித்துவிட்டார்.

இப்போது புதுப் பிரச்சினை. வெயில் ஏறிவிட்டது, நெற்றி வேர்த்து ஸ்டிக்கர் நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. ஒட்டிய இடத்தில் தோலும் சிவக்கிறது. என்ன செய்யலாம்?

அலைநீளம் | மார்ச் 17, மதியம் 1.15

இடத்தைத் தினமும் அரை அங்குலம் மாற்றுங்கள். பகலில் கழற்றிவிட்டு ராத்திரிக்கு மட்டும் ஒட்டுங்கள், பகலில்தான் ஆள் இருக்கிறதே. பவுடர் போட்ட முகத்தில் ஒட்டாதீர்கள், அம்மா கண்டிப்பாகப் போட்டுவிடுவார். சிவப்பு இரண்டு நாளில் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஈயப்பற்று | மார்ச் 17, இரவு 9.55

துணி நெற்றிப்பட்டையில் தைக்கிற மாதிரி வெள்ளி பூசிய துணி மின்வாய் இருக்கிறது, இரண்டு துண்டு என்னிடம் சும்மா கிடக்கிறது. சனிக்கிழமை கொண்டுவருகிறேன். கேசரிபாத் ஆன்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.